மருத்துவப் பதிவுகளைக் கொண்டு சிகிச்சையின் பலனைக் கணிப்பது குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பல லட்சம் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்ததில் இன்ன மருந்து மரண அபாயத்தைப் பாதியாகக் குறைப்பது தெரியவந்துள்ளது என்னும் வகைச் செய்திகள் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. மருத்துவமனைகளில் தாள் கோப்புகளின் இடத்தைக் கணினிப் பதிவுகள் பிடித்த பிறகு இத்தகைய ஆய்வுகள் பெருகியுள்ளன, இனியும் பெருகும். இச்செய்திகளில் பதிவுகளின் எண்ணிக்கை தலைப்பிலேயே வந்துவிடுகிறது. ஆனால், அந்த நோயாளிகளை எந்த நாளிலிருந்து கணக்கில் எடுத்தார்கள், மருந்து உட்கொண்டவர்களை யாரோடு ஒப்பிட்டார்கள் என்ற இரு விவரங்களும் பெரும்பாலும் கடைசி வரியில்கூட வருவதில்லை. ஆய்வின் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இந்த இரண்டையும் பொறுத்தே இருக்கிறது. மருத்துவப் புள்ளியியலைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

பதிவுகளை ஆராய்வதே தவறு என்று வாதிடுவது என் நோக்கமன்று. ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்பதை அறிய, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் அச்சிகிச்சையை அளித்துப் பார்ப்பதே மிக உறுதியான வழி. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பற்றி 1948-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு 107 நோயாளிகளை மட்டுமே கொண்டது. ஆயினும் அதன் முடிவு நிலைத்து நின்றது, காரணம் யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. ஆனால் இத்தகைய சோதனைகளுக்குப் பணமும் ஆண்டுகளும் வேண்டும். கர்ப்பிணிகள், மிக முதியவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்கள் பெரும்பாலும் அவற்றில் சேர்க்கப்படுவதில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வரும் தீய விளைவு, சில நூறு பேரைக் கொண்ட சோதனையில் தென்படாமலே போகலாம். ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது மிக அரிது. அவர்களை மட்டும் திரட்டிப் பெரிய சோதனை நடத்துவது ஏறத்தாழ இயலாத காரியம். அதனால்தான் 2019-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பால்போசிக்ளிப் என்னும் மருந்தை ஆண் நோயாளிகளுக்கும் அனுமதித்தபோது, மின்னணு மருத்துவப் பதிவுகளிலிருந்து கிடைத்த சான்றையும் ஏற்றுக்கொண்டது. குலுக்கல் சோதனை நடவாத இடங்களிலும் மருத்துவர் இன்று, இந்த நோயாளிக்கு ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டும். அங்கே பதிவுகள் தரும் சான்றை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது தனிமனித அனுபவம் மட்டுமே.

இருப்பினும், அந்தப் பதிவுகள் எதற்காக எழுதப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. மருத்துவர் அடுத்த முறை நோயாளியைப் பார்க்கும்போது நினைவுக்காகவும், கட்டணம் கணக்கிடவும், சட்டப் பாதுகாப்புக்காகவும் எழுதப்பட்டவை அவை. உடல்நிலை மோசமானவருக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை நடக்கிறது. நலமாக இருப்பவருக்கு நடப்பதில்லை. ஆகவே, பரிசோதனை முடிவு என்னவென்று பார்ப்பதற்கு முன்பே, பரிசோதனை செய்யப்பட்டது என்ற செய்தியே நோயாளியைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது. பாஸ்டன் நகரின் இரு மருத்துவமனைகளின் பதிவுகளைக் கொண்டு 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது: ஆராயப்பட்ட பெரும்பாலான பரிசோதனைகளில், நோயாளி மூன்று ஆண்டுகள் உயிர்வாழ்வாரா என்பதைப் பரிசோதனையில் வந்த எண்ணைவிட, அப்பரிசோதனை எந்த நேரத்தில் கோரப்பட்டது என்பதே துல்லியமாகக் காட்டியது. நள்ளிரவு கடந்து வெள்ளணுக்களை எண்ணச் சொல்லும் மருத்துவர், எண் வருவதற்கு முன்பே கவலையில் இருக்கிறார் அல்லவா?

இதே வகையைச் சேர்ந்த, பலரும் அறிய வேண்டிய இன்னொரு நிகழ்வும் உண்டு. நுரையீரல் அழற்சியால் மருத்துவமனைக்கு வந்தவர்களின் பதிவுகளைக் கணினிக்குக் கற்பித்து, யாருக்கு மரண அபாயம் அதிகம் என்று கணிக்க அமெரிக்காவில் முயன்றபோது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அபாயம் குறைவு என்று கணினி கற்றுக்கொண்டது. ஆஸ்துமா நுரையீரலைக் காக்கவில்லை. ஆஸ்துமா உள்ளவர் என்பதாலேயே மருத்துவர்கள் அவர்களை நேரடியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கவனிப்பு அவர்களைக் காத்தது. பதிவில் இருந்த எண்கள் அனைத்தும் சரியானவை. அவற்றைக் கொண்டு ஆஸ்துமாவை ஒரு பாதுகாப்பாகக் கருதியிருந்தால், அடுத்து வரும் ஆஸ்துமா நோயாளி வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்.

இனி ஒப்பீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு மருந்து யாருக்கு எழுதப்படுகிறது என்பது தற்செயலாக நடப்பதில்லை. சில மருந்துகள் நோய் முற்றியவர்களுக்கே தரப்படுகின்றன. அவற்றை எடுத்தவர்களே அதிகம் இறப்பதால், நல்ல மருந்தும் கொல்லும் மருந்துபோலப் பதிவில் தெரியும். வேறு சில, தங்கள் உடல்நலத்தில் அக்கறை கொண்டு, நடந்தே மருத்துவமனைக்கு வரக்கூடியவர்களைச் சென்றடைகின்றன; அங்கே பயனற்ற மருந்தும் பயனுள்ளதாகத் தெரியும். முதியவர்களுக்கான ஃப்ளூ தடுப்பூசி பற்றிய ஆய்வுகளில் நடந்தது இந்த இரண்டாவது வகை. தடுப்பூசி போட்ட முதியவர்களிடையே எல்லாக் காரணங்களாலுமான மரணம் பாதியளவுக்குக் குறைவதாகப் பல ஆய்வுகள் கூறிவந்தன. 2006-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், 65 வயதைக் கடந்த 72,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, எளிய ஆனால் கூர்மையான கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்: ஃப்ளூ பரவும் பருவம் தொடங்குவதற்கு முன்பு, அதாவது தடுப்பூசியால் எந்தப் பலனும் இருக்க முடியாத மாதங்களில், மரண விகிதம் எப்படி இருந்தது? அந்த மாதங்களிலேயே தடுப்பூசி போட்டவர்களின் மரண அபாயம் சுமார் 60 விழுக்காடு குறைவாக இருந்தது. ஃப்ளூ பருவத்தில் தெரிந்த வேறுபாட்டைவிடவும் இது பெரியது. படுக்கையில் கிடக்கும் முதியவர் தடுப்பூசிக்கு வர இயலாதவர் என்பதே அதன் பொருள். தடுப்பூசி பயனற்றது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். அதன் பலனை இந்த ஒப்பீட்டால் அளக்க முடியாது என்பதையே அது நிறுவியது.

இக்காரணத்தால்தான், மருந்து எடுத்தவரை எதையும் எடுக்காதவரோடு ஒப்பிடுவதைவிட, அதே நோய்க்காக வேறொரு மருந்தை எடுத்தவரோடு ஒப்பிடுவது பெரும்பாலும் பாதுகாப்பானது. ரோஃபெகாக்ஸிப் என்னும் வலி நிவாரணி மாரடைப்பை வரவழைக்கிறதா என்ற ஐயம் எழுந்தபோது, கைசர் பெர்மனென்டே என்னும் அமெரிக்க நல அமைப்பின் சுமார் 14 லட்சம் உறுப்பினர்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அதே வலிகளுக்காக அதே வகையைச் சேர்ந்த செலகாக்ஸிப் மருந்தை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில் ரோஃபெகாக்ஸிப்பின் ஆபத்து, குறிப்பாக அதிக அளவில் எடுத்தவர்களிடம், தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன்பே, 2004 செப்டம்பரில், ஒரு குலுக்கல் சோதனையின் முடிவால் அம்மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தது. இரண்டு வழிகளும் ஒரே திசையைக் காட்டின.

இவ்வளவு சொன்ன பிறகும், என் மாணவர்களிடமும் செய்தியாளர்களிடமும் நான் அதிகம் வற்புறுத்துவது நாள் கணக்கைத்தான். நோயாளிகளின் வயது, எடை, இரத்த அழுத்தம், பிற நோய்கள் ஆகியவற்றில் உள்ள ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யப் புள்ளியியலில் நல்ல வழிமுறைகள் உண்டு. மருந்து பெறும் வாய்ப்பு ஒத்திருப்பவர்களை ஒப்பிடும்படி, புள்ளியியலாளர்கள் ரோசன்பாமும் ரூபினும் 1983-ல் வகுத்த முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் கணக்கு தொடங்கும் நாள் தவறாக இருந்தால், எத்தனை காரணிகளைச் சரிசெய்தாலும் பயனில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கொடிய நோய் கண்டறியப்பட்ட ஆயிரம் பேரில், ஓராண்டுக்குள் எப்போதாவது ஒரு மருந்தைத் தொடங்கியவர்களை ஒரு குழுவாகவும், தொடங்காதவர்களை மற்றொரு குழுவாகவும் பிரித்து, நோய் கண்டறிந்த நாளிலிருந்து இரு குழுவினரின் ஆயுளையும் எண்ணுகிறோம். பத்தாம் மாதத்தில் மருந்தைத் தொடங்கியவர், அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களும் உயிரோடு இருந்திருந்தால்தான் தொடங்கியிருக்க முடியும். இரண்டாம் மாதத்தில் இறந்தவரோ, பின்னர் மருந்தைத் தொடங்க இருந்தவராயினும், எடுக்காதவர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். மருந்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் முதல் குழு நீண்ட நாள் வாழ்ந்ததாகவே கணக்கு முடியும்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. இதய மாற்று அறுவைச் சிகிச்சையின் தொடக்க காலத்தில், ஸ்டான்ஃபோர்டில் மாற்று இதயம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நெடுநாள் வாழ்ந்ததாக 1971-ல் ஒரு கட்டுரை வந்தது. பொருத்தமான இதயம் கிடைக்கும்வரை உயிரோடு காத்திருந்தவர்களே அச்சிகிச்சையைப் பெற்றவர்கள் என்பதால் அந்த ஒப்பீடு செல்லாது என்று 1972-லேயே புள்ளியியலாளர் மிட்செல் கெயில் எடுத்துக்காட்டினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை புற்றுநோயைத் தடுக்கிறது என்று வந்த ஆய்வுகள் பலவற்றில் அதே வகைப் பிழை இருப்பதை ஆய்வாளர்கள் சூய்சாவும் அசூலேயும் 2012-ல் சுட்டிக்காட்டினார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கும் அப்படி ஒரு புகழ் சேர்ந்திருந்தது. 2019-ல் பிரிட்டனின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மின்னணுப் பதிவுகளை எடுத்து, மருந்தைப் புதிதாகத் தொடங்கிய நாளிலிருந்து ஒழுங்காகக் கணக்கிட்டபோது, ஸ்டாட்டின்கள் புற்றுநோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை. குலுக்கல் சோதனைகளும் அதையே சொல்லியிருந்தன. முந்தைய ஆய்வுகள் செய்த பிழைகளை அதே பதிவுகளில் வேண்டுமென்றே செய்து பார்த்தபோது, புற்றுநோய் குறைவதுபோன்ற தோற்றம் வந்தது. புற்றுநோய் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் மாத்திரை விழுங்கிய மனிதர்களை எண்ணிப் பார்த்தால், இதைப் புள்ளியியலாளர்களின் உட்பூசல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையின் வரலாறு இவற்றுள் மிகப் பெரிய பாடம். 1976-ல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் நல ஆய்வு, ஹார்மோன் எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு இதய நோய் குறைவாக வருவதாகக் காட்டியது. உலகெங்கும் மருத்துவர்கள் இதயத்தைக் காக்கவும் ஹார்மோனைப் பரிந்துரைத்தார்கள். பிறகு 16,608 பெண்களைக் கொண்டு நடந்த குலுக்கல் சோதனை, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மருந்து இதய நோய் அபாயத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது என்று காட்டியது; மார்பகப் புற்றுநோய் உள்ளிட்ட தீமைகள் நன்மைகளை மிஞ்சியதால் 2002-ல் அது முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. குலுக்கல் இன்றி, நடப்பதைக் கவனித்து மட்டும் செய்யும் அவதானிப்பு ஆய்வுகளை இனி நம்பவே கூடாது என்ற குரல் அப்போது ஓங்கி ஒலித்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2008-ல் தொற்றுநோயியல் ஆய்வாளர் எர்னானும் அவர் குழுவினரும் அதே செவிலியர் ஆய்வின் தரவுகளை மீண்டும் எடுத்தார்கள். ஏற்கெனவே ஹார்மோன் எடுத்துக்கொண்டிருந்தவர்களைச் சேர்க்காமல், புதிதாகத் தொடங்கியவர்களைத் தொடங்கிய காலத்திலிருந்து பின்தொடர்ந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் அபாயம் குறையவில்லை. உயரும் பக்கமே சாய்ந்திருந்தது. மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டுகளுக்குப் பின் தொடங்கினார்கள் என்பதையும் கருத்தில் கொண்டபோது, சோதனைக்கும் ஆய்வுக்கும் இடையிலான முரண் பெரிதும் விளங்கிவிட்டது. முன்பு, தொடங்கிய சில மாதங்களில் மாரடைப்பு வந்தவர்களும் ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவர்களும் கணக்கிலிருந்து நழுவி, தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே 'எடுத்துக்கொள்பவர்கள்' என எண்ணப்பட்டிருந்தார்கள். பெண்களும் அவர்கள் தந்த தகவல்களும் மாறவில்லை. கேட்ட கேள்வியும் எண்ணத் தொடங்கிய இடமுமே மாறின.

இந்த அனுபவங்களிலிருந்து உருவானதுதான், எர்னானும் ராபின்ஸும் 2016-ல் தெளிவாக வரையறுத்த வழிமுறை. பதிவுகளைத் தொடுவதற்கு முன்பு, வாய்ப்பிருந்தால் எப்படிப்பட்ட குலுக்கல் சோதனையை நடத்தியிருப்போம் என்பதை எழுத்தில் வகுத்துக்கொள்ள வேண்டும்: யாரைச் சேர்ப்போம், எந்தச் சிகிச்சைக்கு எதிராக எந்தச் சிகிச்சை, எந்த நாளில் எண்ணத் தொடங்குவோம், எதுவரை பின்தொடர்வோம், எதை விளைவாகக் கொள்வோம். பிறகு அந்தச் சோதனையை இயன்றவரை பதிவுகளில் பின்பற்ற வேண்டும். இதை நேர்மையாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இஸ்ரேலில் ஃபைசர் கோவிட் தடுப்பூசி பற்றி 2021-ல் வெளியான ஆய்வைச் சொல்லலாம். தடுப்பூசி போட்ட 5,96,618 பேரில் ஒவ்வொருவருக்கும், அதே நாளில் தடுப்பூசி போடாதிருந்த, வயது முதலியவற்றில் ஒத்த ஒருவரைத் தேடி இணைத்தார்கள். அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மருத்துவரை அணுகியவர்களை விலக்கினார்கள், காரணம் அவர்களுக்கு நோய் ஏற்கெனவே தொடங்கியிருக்கக்கூடும். முதல் ஊசிக்குப் பிந்தைய சில நாட்களில் தடுப்பூசி வேலை செய்ய வாய்ப்பில்லை; அந்த நாட்களில் இரு குழுவினரும் ஒரே அளவில் நோயுறுகிறார்களா என்று சரிபார்த்தார்கள். இறுதியில் அறிகுறியுள்ள நோய்க்கு எதிராகக் கிடைத்த பலன் 94 விழுக்காடு. குலுக்கல் சோதனையில் கிடைத்தது 95.

எப்போதும் இவ்வளவு பொருத்தம் அமையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முடிவு தெரிந்த 32 சோதனைகளை அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளில் பின்பற்றிப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. சோதனையின் முடிவுகளுக்கும் பதிவுகள் தந்த முடிவுகளுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டும் முழுதும் ஒத்துச் சென்றால் 1) 0.82, சோதனையின் வடிவத்தை நெருக்கமாகப் பின்பற்ற முடிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 0.93. பதிவில் இல்லாத தகவலை எந்த வழிமுறையாலும் வரவழைக்க முடியாது. சீட்டில் எழுதப்பட்ட மாத்திரை விழுங்கப்பட்டதா என்பது பதிவில் இல்லை. வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டவர் நலமானவர்போலவே தோன்றுவார்.

தரவின் உண்மைத்தன்மையும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. 2020 மே 22 அன்று லான்செட் இதழில், 671 மருத்துவமனைகளின் 96,032 கோவிட் நோயாளிகளை ஆராய்ந்ததாக ஒரு கட்டுரை வெளியாயிற்று. மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மரணத்தை அதிகரிக்கிறது என்று அது கூறியதும், உலக சுகாதார அமைப்பு தன் சோதனையில் அம்மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. சர்ஜிஸ்ஃபியர் என்னும் நிறுவனம் தந்த அந்தத் தரவுகளை எவராலும் சரிபார்க்க முடியவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் உருவான ஓப்பன்சேஃப்லி என்னும் தளம் இதற்கு நேரெதிரான வழியைக் காட்டியது. 1.7 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களின் பதிவுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆய்வாளரின் கணினி நிரல் அங்கே சென்று இயங்கியது. அந்த நிரல் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. நோயாளியின் அந்தரங்கத்தையும் ஆய்வின் வெளிப்படைத்தன்மையையும் ஒருசேரக் காக்க முடியும் என்பதால், இரண்டில் ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்றை மறைப்பதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

மருத்துவர்களுக்கே விடை தெரியாத கேள்விகளில், பதிவுகளுக்குள்ளேயே குலுக்கலைக் கொண்டுவரலாம் என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். பிரிட்டனின் ரெகவரி சோதனை 2020 மார்ச்சில் தொடங்கியது. வார்டில் இருந்த கோவிட் நோயாளிகளையே குலுக்கலில் சேர்த்து, பின்தொடர்தலுக்கு வழக்கமான மருத்துவப் பதிவுகளையும் பயன்படுத்தி, ஜூன் மாதத்திலேயே டெக்ஸாமெத்தசோன் என்னும் விலை மலிந்த பழைய மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் கண்டறிந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை என்பதையும் அதே சோதனை காட்டிற்று.

தங்கள் நாளிதழிடம் நான் வேண்டுவது இதுதான். இத்தகைய ஆய்வைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, நோயாளிகள் குலுக்கலில் பிரிக்கப்பட்டார்களா, பழைய பதிவுகளிலிருந்து ஒப்பிடப்பட்டார்களா என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். எந்த நாளிலிருந்து எண்ணினார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதை ஆய்வாளரிடம் கேட்டு எழுதுங்கள். 'அபாயம் பாதியாகக் குறைந்தது' என்பதோடு, ஆயிரம் பேரில் எத்தனை பேரிலிருந்து எத்தனை பேராகக் குறைந்தது என்பதையும் சேருங்கள். மருந்தின் தீமையைப் பற்றிய செய்தியாயின், வாசகர் தாமாக மருந்தை நிறுத்திவிடாமல் தம் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற வரியைத் தவறாமல் இடுங்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டு இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடுபவர்கள் உண்டு. முதல் பக்கத்தில் வந்த ஓர் ஆய்வு பின்னர் திரும்பப் பெறப்பட்டாலோ, குலுக்கல் சோதனை ஒன்றால் மறுக்கப்பட்டாலோ, அந்தச் செய்தியும் அதே பக்கத்தில் வர வேண்டும். அந்த ஆய்வோடு தொடர்பில்லாத தொற்றுநோயியல் வல்லுநர் அல்லது புள்ளியியலாளர் ஒருவரின் கருத்தையும் ஒவ்வொரு முறையும் கேட்டு உடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்